முதல் பாதியின் கடைசி 14 வினாடி

அமெரிக்காவுக்குப் பொட்டி தட்ட வந்த நம்ம மக்களை ரெண்டு வகையா பிரிக்கலாம். வந்த முதல் வருஷமே உள்ளூர் ஃபுட்பால் டீமோட சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டு திரியறவங்க ஒரு வகை. இருபது வருஷம் ஆனாலும் "இதுக்கு ஏன்யா ஃபுட்பால்னு பேரு, காலால உதைக்கவே காணோமே"ன்னு அதே ஜோக்கைச் சொல்லிட்டு இருக்கறவங்க இன்னொரு வகை. 2021 வரைக்கும் நான் ரெண்டாவது வகை. அந்த ஜோக்கை எத்தனை பார்ட்டியில சொல்லியிருப்பேன்னு கேட்டா தங்கமணி கணக்கு வெச்சிருப்பாங்க.

நாங்க இருக்கறது கான்சஸ் சிட்டி பக்கம். ஞாயித்துக்கிழமை ஆட்டம்னா ஊரே சிவப்புச் சட்டைல இருக்கும். நான் அந்த நேரம் பார்த்து காஸ்ட்கோ போவேன். கூட்டமே இருக்காது. ஃபுட்பாலால எனக்குக் கிடைச்ச ஒரே பலன் அதுதான்.

இப்படி இருந்தவன் முதல் பாதி முடியற கடைசி ரெண்டு நிமிஷத்தைப் பத்தி ஒரு பதிவே எழுதற அளவுக்கு வந்ததுக்கு என் பையன்தான் காரணம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

எட்டாம் வகுப்பு போனப்போ பையன் ஸ்கூல் டீம்ல சேர்ந்தான். ஓடிப்போய் பந்தைப் பிடிக்கற வேலை. ரிசீவர்னு பேரு. ஆளு ஒல்லி, ஆனா ஓட்டம் நல்லா வரும். ஆட்டமெல்லாம் வாரநாள்ல சாயங்காலம் நாலு மணிக்கு. அந்த நேரத்துல எனக்கு ஆணி அதிகம். சொன்னா நம்ப மாட்டீங்க, முதல் நாலு ஆட்டத்துக்கு நான் போகவே இல்லை. தங்கமணி போய் மொபைல்ல படம் எடுத்துட்டு வருவாங்க. ராத்திரி சாப்பிடறப்போ பாத்துட்டு "சூப்பர்டா"ன்னு சொல்லுவேன். அவன் எதுவும் சொல்ல மாட்டான்.

அஞ்சாவது ஆட்டத்துக்குப் போனேன். போன இடத்துல ஒரு பிரச்னை. வழக்கமா ஸ்கோர்போர்டு கடிகாரத்தை இயக்கறவர் வரல. யாராச்சும் ஒரு பேரண்ட் உதவ முடியுமான்னு கேட்டாங்க. சுத்திமுத்தி யாரும் கை தூக்கல. டேட்டாபேஸ் கட்டி மேய்க்கற நமக்கு ஒரு சுவிட்சு போடத் தெரியாதான்னு ஒரு மிதப்புல நான் தூக்கிட்டேன். விதி, வேற என்ன.

பெஞ்சு வரிசைக்கு மேல மரத்துல ஒரு சின்ன ரூம். உள்ள ஒரு பெட்டி. அதுல ஒரு சுவிட்சு. மேல தள்ளினா கடிகாரம் ஓடும், கீழ தள்ளினா நிக்கும். பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் ரெண்டு நிமிஷத்துல பாடம் எடுத்தார். "நீ ஆட்டத்தைப் பாக்காதே. வெள்ளைத் தொப்பி போட்ட ரெஃப்ரியோட கையைப் பாரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கே ஆட்டினா நிறுத்து. ஒரு கையைக் கிணத்து ராட்டினம் மாதிரி சுத்தினா ஓட விடு. அவ்ளோதான்." கிணத்து ராட்டினம் என் சேர்மானம். அவர் வேற என்னவோ சொன்னார்.

இங்க கடிகாரம் எப்படி ஓடும்னு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிப் போயிடலாம்.

என்.எஃப்.எல்-ல ஒரு ஆட்டம் 60 நிமிஷம். 15 நிமிஷமா நாலு பகுதி. ஆனா டிவில மூணு மணி நேரம் ஓடும். 2010-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல்காரங்க உக்காந்து கணக்கு போட்டு, பந்து நெசமா ஆட்டத்துல இருக்கறது சுமார் 11 நிமிஷம்தான்னு எழுதினாங்க. ஏன்னா பந்து வெச்சிருக்கறவனை மைதானத்துக்குள்ள மடக்கிப் போட்டா ஆட்டம் நிக்கும், ஆனா கடிகாரம் நிக்காது. அடுத்த ஆட்டத்தை ஆரம்பிக்க 40 வினாடி வரைக்கும் எடுத்துக்கலாம். கடிகாரத்தை நிறுத்தணும்னா சில வழிதான் இருக்கு. எறிஞ்ச பந்து யார் கைக்கும் போகாம தரையில விழணும். இல்லன்னா பந்தோட பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளிய போகணும். (என்.எஃப்.எல்-ல இது முதல் பாதியோட கடைசி 2 நிமிஷத்துலயும், ரெண்டாம் பாதியோட கடைசி 5 நிமிஷத்துலயும்தான் முழுசா செல்லும். மத்த நேரத்துல பந்தை வெச்சு ரெஃப்ரி கை காட்டினதும் கடிகாரம் திரும்ப ஓட ஆரம்பிச்சிடும்.) இல்லன்னா டைம் அவுட் கேக்கணும். அது பாதிக்கு மூணுதான். முதல் பாதியில மிச்சம் வெச்சா ரெண்டாம் பாதிக்கு வராது. நம்மூரு கவர்மெண்ட் ஆபீஸ் கேஷுவல் லீவு மாதிரி, எடுக்கலைன்னா போச்சு.

ஸ்கூல் ஆட்டத்துல நேரம் இன்னும் கம்மி. அன்னிக்கு ஒரு பகுதிக்கு 8 நிமிஷம்.

முதல் பகுதி எல்லாம் ஒழுங்காதான் போச்சு. ரெஃப்ரி கை, சுவிட்சு, ரெஃப்ரி கை, சுவிட்சு. ரெண்டாவது பகுதி முடியப் போகுது. எங்க பசங்க 6, எதிர் டீம் 8. பந்து எங்க பசங்க கிட்ட, கோல் கோட்டுக்கு 30 கெஜம் இருக்கு. டைம் அவுட் மூணும் காலி. கடிகாரத்துல 14 வினாடி. இதை நான் நல்லா பாத்தேன், இப்பவும் கண்ணுல நிக்குது. 14.

பந்து பின்னால போச்சு. நான் சுவிட்சை மேல தள்ளினேன். க்வார்டர்பேக் பையன் தூக்கி எறிஞ்சான். அந்தப் பக்கம் ஓடினது என் பையன்.

மக்களே, அஞ்சு ஆட்டத்துல முதல் தடவையா அவன் பந்தைப் பிடிக்கறதை நேர்ல பாக்கறேன். ரெண்டு கையையும் நீட்டி, தோளுக்கு மேல வந்த பந்தை அப்படியே வாங்கி, ரெண்டு எட்டு வெச்சு, 9 கெஜக் கோட்டுக்குப் பக்கத்துல வெளிய போனான். நான் எழுந்து நின்னு கத்திட்டு இருக்கேன். தமிழ்ல கத்தினேன்னு நினைக்கறேன். கோட்டோரம் நின்ன நடுவர் தலைக்கு மேல கையை ஆட்டிட்டு இருக்கார். வெள்ளைத் தொப்பி ரெஃப்ரியும் ஆட்டிட்டு இருக்கார். பக்கத்துல பெரியவர் என் முதுகுல தட்டறார். பாராட்டறார்னு நினைச்சேன்.

அப்புறம் சங்கு ஊதிச்சு. அது தானா ஊதற சங்கு. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தா ஊதும்.

ரெஃப்ரி நடந்து எங்க ரூமுக்குக் கீழ வந்தார். அண்ணாந்து பார்த்து கேட்டார். "அவன் வெளிய போனப்போ எவ்ளோ இருந்துச்சு?" நேரம் தப்பா ஓடிட்டா சரி பண்ண அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனா யாராச்சும் கண்ணால பாத்த நேரம் வேணும். நடுவர்கள் எல்லாரும் காலையும் கோட்டையும் பாத்துட்டு இருந்தாங்க. கடிகாரத்தைப் பாக்கத்தான் ஒருத்தனை உக்கார வெச்சிருந்தாங்களே.

ஏழோ எட்டோ வினாடி இருந்திருக்கும். மனசு கணக்கு போட்டுடுச்சு. "ஏழு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களுக்கு இன்னும் ஒரு ஆட்டம் கிடைச்சிருக்கும். பெஞ்சுல உக்காந்திருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. எதிர் டீம் கோச்சும் பாக்கறார். கோட்டோரம் ஹெல்மெட்டைக் கழட்டாம நின்னுட்டு என் பையனும் பாக்கறான்.

"ஆரம்பிச்சப்போ 14. வெளிய போனப்போ நான் பாக்கல"ன்னேன்.

ரெஃப்ரி தலையாட்டினார். பந்தை ஒரு கையில எடுத்துத் தலைக்கு மேல தூக்கிக் காமிச்சார். முதல் பாதி முடிஞ்சது.

கடைசியில 14-12னு தோத்துட்டாங்க. அந்த ஒரு ஆட்டம் கிடைச்சிருந்தா டச்டவுன் ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா பந்தை எறிஞ்சு பாக்கவே நான் விடலையே.

கார்ல திரும்பி வரப்போ பையன் பத்து நிமிஷம் பேசல. அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னான், நான் தமிழ்ல சொல்றேன். "எனக்கு முன்னாடி ஒருத்தன்தான் இருந்தான். உள்பக்கம் திரும்பியிருந்தா அவனைத் தாண்டியிருப்பேன். கடிகாரம் நிக்கட்டும்னுதான் வெளிய போனேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ என்னைப் பாத்திருக்கக் கூடாது"ன்னான்.

நாலு ஆட்டம் பாக்கலைன்னு ஒரு வார்த்தை கேக்காத பையன், பாத்ததுக்குத்தான் கோவிச்சுக்கிட்டான்.

அதுக்கப்புறம் ராத்திரில தூக்கம் வராதப்போ எல்லாம் யூட்யூப்ல இதையே பாக்க ஆரம்பிச்சேன். முதல் பாதி எப்படி முடியுதுன்னு மட்டும். ரெண்டாம் பாதி முடியறப்போ ஊரே எழுந்து நின்னு பாக்கும். முதல் பாதி முடியறப்போ பாதிக் கூட்டம் நொறுக்கு வாங்க வரிசையில நிக்கும். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க அந்த நேரத்துல எழுந்திரிக்க மாட்டாங்க.

ஏன்னு சொல்றேன். ஆட்ட ஆரம்பத்துல டாஸ் ஜெயிச்சவங்க "எனக்கு இப்போ பந்து வேணாம், ரெண்டாம் பாதியில கொடு"ன்னு தள்ளிப் போடலாம். காலேஜ் ஆட்டத்துல இது முன்னாடியே இருந்துச்சு, என்.எஃப்.எல்-ல 2008-லதான் வந்துச்சு. அப்படித் தள்ளிப் போட்டவங்க, முதல் பாதியோட கடைசி ஆட்டமும் தங்களோடதா இருக்கற மாதிரி கடிகாரத்தைச் செலவு பண்ணுவாங்க. அங்க ஒரு ஸ்கோர், இடைவேளை முடிஞ்சு வந்ததும் பந்து திரும்பவும் அவங்க கையில, இன்னொரு ஸ்கோர். நடுவுல எதிராளி பந்தைத் தொடவே முடியாது. நியூ இங்கிலாந்தோட பில் பெலிசிக் இதை ஒரு தொழிலாவே பண்ணினார்.

பேராசைப்பட்டா மாட்டிக்கறதும் இங்கதான். 2009 பிப்ரவரி 1, டாம்பாவுல சூப்பர் பவுல். பிட்ஸ்பர்க் 10, அரிசோனா 7. பந்து அரிசோனா கிட்ட, கோல் கோட்டுக்குப் பக்கத்துலயே. முதல் பாதி முடிய 18 வினாடி. கர்ட் வார்னர் எறிஞ்ச பந்தை ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒரு மலை மாதிரி ஆளு கோல் கோட்டுலயே பிடிச்சு, மைதானத்தோட அந்த முனை வரைக்கும் 100 கெஜம் ஓடிட்டார். அவர் ஓடிட்டு இருக்கறப்பவே கடிகாரம் பூஜ்யம் ஆயிடுச்சு. ஓட்டம் முடியற வரைக்கும் அந்த ஆட்டம் செல்லும். வழியில யாராச்சும் பிடிச்சுத் தள்ளியிருந்தா பூஜ்யம்தான் மிச்சம். யாராலயும் முடியல. 17-7. கடைசியில பிட்ஸ்பர்க் ஜெயிச்சது 27-23, நாலே புள்ளி வித்தியாசம்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு, 2015 பிப்ரவரி 1. சியாட்டில் டீமுக்கு முதல் பாதி முடிய 31 வினாடி இருக்கறப்போ பந்து கிடைக்குது. போக வேண்டியது 80 கெஜம். 25 வினாடியில 11 கெஜக் கோட்டுக்கு வந்துட்டாங்க. மிச்சம் 6 வினாடி. எல்லாரும் உதைச்சு மூணு புள்ளி எடுப்பாங்கன்னு நினைக்க, கோச் பீட் கேரல் எறிங்கடான்னுட்டார். கிறிஸ் மேத்யூஸ் பிடிச்சார். டச்டவுன். 2 வினாடி மிச்சம். அந்த ஆட்டத்துல அவங்க கடைசியில தோத்தது வேற கதை.

அதுல இருந்து நான் கத்துக்கிட்டது இது. ஆறு வினாடி இருந்தா ஒரு தடவை எறியலாம். ஆனா கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் எறியணும். பிடிச்சா டச்டவுன், விழுந்தா கடிகாரம் நிக்கும், உதைக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு வினாடி மிச்சம் இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் எறிஞ்சு, பிடிச்சவனை உள்ளயே மடக்கிட்டா எல்லாம் போச்சு. டச்டவுனும் இல்ல, மூணு புள்ளியும் இல்ல.

2022 ஜனவரி 30, ஞாயித்துக்கிழமை. கான்சஸ் சிட்டிக்கும் சின்சினாட்டிக்கும் ஆட்டம். ஜெயிச்சா சூப்பர் பவுல். வாழ்க்கையில முதல் தடவையா அந்த நேரத்துல நான் காஸ்ட்கோல இல்ல. பையனோட சோபால உக்காந்திருந்தேன். அந்த ஸ்கூல் ஆட்டத்துக்கு அப்புறம் ஃபுட்பால் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல.

எங்க ஊர் டீம் 21-10னு முன்னாடி இருக்கு. முதல் பாதி முடியுது. பந்து 1 கெஜக் கோட்டுல. 9 வினாடி. மஹோம்ஸ் எறிஞ்சார், யாருக்கும் போகல. 5 வினாடி. பையன் முன்னாடி நகர்ந்து உக்காந்தான்.

"உதைக்கணும்"னேன்.

திரும்பி என்னைப் பாத்தான். "இன்னொண்ணு எறியலாம். ஆனா எண்ட் ஜோன்ல எறியணும். இல்ல கூட்டத்துல எறியணும்"னான்.

"உள்ள மடக்கிட்டா?"

"மடக்கிட்டா போச்சு."

மஹோம்ஸ் பக்கவாட்டுல ஒரு சின்ன பால் போட்டார். டைரீக் ஹில் பிடிச்சார், கோட்டுக்கு இந்தப் பக்கம். ஈலை ஆப்பிள் வந்து மடக்கினார். கடிகாரம் ஓடி முடிஞ்சது. பூஜ்யம். மூணு புள்ளி காத்துல போச்சு.

வீட்டுல சத்தமே இல்ல. தங்கமணி உள்ளேருந்து "என்ன ஆச்சு"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல.

அப்புறம் நடந்தது உங்கள்ல ஃபுட்பால் பாக்கறவங்களுக்குத் தெரியும். ரெண்டாம் பாதி முழுசுக்கும் எங்க டீம் எடுத்தது மூணே புள்ளி. 24-24னு முடிஞ்சு, கூடுதல் நேரத்துல சின்சினாட்டி 27-24னு ஜெயிச்சிடுச்சு. வித்தியாசம் எவ்ளோன்னு நீங்களே கழிச்சுக்கங்க.

கோச் ஆண்டி ரீட் ஆட்டம் முடிஞ்சு பேசினப்போ பழியைத் தன் மேலயே போட்டுக்கிட்டார். ஃபிலடெல்ஃபியாவுல 14 வருஷம் இருந்த காலத்துல இருந்தே கடிகாரத்தைக் கையாளத் தெரியாதவர்னு அவருக்கு ஒரு பேரு உண்டு. அடுத்த வருஷமே, 2023 பிப்ரவரியில, சூப்பர் பவுல் ஜெயிச்சார். 2024-லயும் ஜெயிச்சார். ஆனா அன்னிக்கு ராத்திரி அவர் எப்படித் தூங்கியிருப்பார்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

டிவியை அணைச்சிட்டு பையன் சொன்னான்: "அப்பா, அவங்களுக்கு இருபது கோச் இருக்காங்க. நீ ஒருத்தன்தான் இருந்தே."

அம்புட்டுதேன். மன்னிச்சிட்டேன்னு எல்லாம் சொல்லல. எழுந்து போய் சீரியல் கொட்டி சாப்பிட ஆரம்பிச்சிட்டான்.

அந்த வருஷம் செப்டம்பர்ல அவன் ஒன்பதாம் வகுப்பு. முதல் ஆட்டத்துக்கு ஆள் வேணுமான்னு நானே போய்க் கேட்டேன். அதே மாதிரி ஒரு ரூம், அதே மாதிரி ஒரு பெட்டி. நாலு மணி மீட்டிங்கை எல்லாம் நாசூக்கா காலைக்குத் தள்ளிட்டேன். இத்தனை வருஷமா தள்ள முடியாதுன்னு நினைச்சிட்டிருந்த மீட்டிங் அது. ஒருத்தரும் ஏன்னு கூட கேக்கல :-)

ரெண்டாவது பகுதியோட கடைசி நிமிஷம். ரெஃப்ரி கையை மட்டும் பாத்துட்டு இருந்தேன். பந்து மேல போற சத்தம் கேட்டுச்சு, கூட்டம் எழுந்திரிக்கற சத்தம் கேட்டுச்சு. கீழ யாரோ என் பையன் பேரைச் சொல்லிக் கத்தறாங்க. கழுத்து தானா திரும்பப் பாக்குது. வெள்ளைத் தொப்பியோட ரெண்டு கையும் நேரா மேல போச்சு. அதுக்கு டச்டவுன்னு அர்த்தம். சுவிட்சைக் கீழ தள்ளினேன். 0:41.

அதுக்கப்புறம்தான் நிமிர்ந்து பாத்தேன். எல்லாப் பசங்களும் ஒருத்தன் மேல விழுந்து கிடந்தாங்க. யாருன்னு தெரியல.

திரும்பி வரப்போ கார்ல கேட்டான். "பாத்தியா?"

"இல்லடா."

"குட்"னு சொல்லிட்டு சீட்டைப் பின்னால சாய்ச்சுக்கிட்டான்.

தங்கமணி எடுத்த படம் மொபைல்ல இருக்கு. கை நடுங்கி பாதி வானமும் பாதி மைதானமுமா இருக்கும். அதை எத்தனை தடவை பாத்தேன்னு மட்டும் கேக்காதீங்க.